டிராக்டருக்கு வைத்த பொட்டு

வயலுக்குப் போய்க்கொண்டிருந்த டிராக்டர் முதலில் இருமியது. பிறகு மூச்சு முட்டினாற்போல இரண்டு தரம் விக்கியது. பிறகு சத்தமே இல்லை. உலைமூடியைத் தூக்கப் போன யசோதாவின் கை அந்தரத்தில் நின்றது.

கூடத்தில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த மாமியார் கன்னியம்மாளும் கல்லின் மேல் கையை நிறுத்தினாள்.

“எங்க நின்னுச்சு?”

“புளியமரத்தாண்ட மாதிரி கேக்குது, அத்த.”

“முந்தாநாளு வரிக்கும் கல்லாண்ட தானே நின்னுக்கினு இருந்துச்சு? இப்ப புளியமரத்துக்கு வந்துட்டுதா?”

யசோதா வயிற்றைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

கல் என்றால் சுமைதாங்கிக் கல். கரடிகுப்பத்து வண்டிப்பாதை ஆற்றங்கரை வயல்களுக்குத் திரும்பும் இடத்தில், இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள். எந்தக் காலத்திலோ பிள்ளையைப் பெறாமலே, வயிற்றுச் சுமையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்ட கல் அது. யசோதாவுக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

டிராக்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மெட்ராஸ் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனதை, யசோதாவின் மாமனார் வேதாச்சலம் உழவு மாடுகளை விற்றுவிட்டு வாங்கினார். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற பழைய வண்டி. யசோதாவின் கணவன் கோவர்த்தனன் அதன் மேல் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து, அவன் எந்த வயலில் எந்த மூலையில் இருக்கிறான் என்பதை அவள் அடுப்படியில் இருந்தே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் அவளுக்குக் கணவனின் குரலைப்போலவே பழகிப்போயிருந்தது. இப்போது அது எப்போது நிற்குமோ என்று கேட்டுக்கொண்டிருப்பதே அவள் வேலையாகிவிட்டது.

எல்லாம் இந்த ஆயுதபூஜைக்குப் பிறகு வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் கோவர்த்தனன் வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினான். டாங்கியின் மூடி வழியாக மண்ணெண்ணெய் தளும்பிச் சட்டையை நனைக்கிறதென்று, பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் புது வாஷர் போட்டான். மறுநாள் கன்னியம்மாள் பொட்டு வைக்க வந்தாள். போன வருஷம் வண்டியின் முன்பக்கத் தகட்டில் வைத்தது. என்ஜின் சூட்டில் சந்தனம் காய்ந்து, வெடித்து, சாயங்காலத்துக்குள் உதிர்ந்துபோனது. அதை அவள் மனதுக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டுகிறவனின் முகத்துக்கு நேரே இருந்த டாங்கி மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“வட்டமா, சில்லுன்னு கீது. இதாண்டா இதுக்கு நெத்தி” என்றாள்.

தன் நெற்றிக்குச் செய்வதுபோலவே செய்தாள். குங்குமம் காற்றில் பறக்காமலிருக்க முதலில் மெழுகு தடவினாள். அதன் மேல் மஞ்சள், சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதற்கு இரண்டாம் நாள் டிராக்டர் சுமைதாங்கிக் கல்லருகே நின்றது. அதற்கடுத்த நாளும் அங்கேயே நின்றது.

நின்றால் கோவர்த்தனன் இறங்குவான். டாங்கியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பான். எண்ணெய் இருக்கும். மூடுவான். முன்பக்கம் போய்க் கைப்பிடியைச் சுற்றுவான். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பிவிடும். கெட்டுப்போன வண்டி கிளம்பாமல் கிடந்தால் மனசு ஆறியிருக்கும். இது நின்ற இடத்தில் நின்று, யாரையோ பார்த்துவிட்டுப் புறப்படுவது போலப் புறப்பட்டது. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

கன்னியம்மாள் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் புதுப் பொட்டு வைத்தாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்பது அவள் வழக்கம். ஆகவே பழைய பொட்டின் மேலேயே மெழுகு, மஞ்சள், சந்தனம், குங்குமம். மூடி மெத்தை போல உப்பிக்கொண்டு வந்தது. வண்டியோ கல்லை விட்டுவிட்டுப் புளியமரத்தருகே நிற்கத் தொடங்கியது. கல்லைவிடப் புளியமரம் வீட்டுக்குக் கிட்டே.

வேதாச்சலம் திருப்பதிக்கு ஆளனுப்பி மெக்கானிக் சிட்டிபாபுவை வரவழைத்தார். குட்டையான மனிதர். பஸ்ஸில் நகரிக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி ஆற்று மணலில் நடந்து வந்திருந்தார். வந்ததும் காபி கேட்டார். குடித்துவிட்டு, “ஏமி ரோகம் உங்க பண்டிக்கு?” என்றார்.

“நிக்குதுங்க” என்றான் கோவர்த்தனன்.

“நிக்கிற பண்டியத்தான் என்னண்ட காட்டுவாங்க. ஓடற பண்டிக்கு சிட்டிபாபு எதுக்கு?”

பிளக்குகளைக் கழற்றிக் கரி துடைத்தார். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவின் வயரைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றச் சொன்னார், கோவர்த்தனன் சுற்றியதும் “அம்மாடியோவ்!” என்று துள்ளிவிட்டு, “மேக்னட்டோ பாகா கீது, என்ன கேட்டா தெரியும்” என்று கையை உதறினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். எண்ணெய் வரும் வழியில் இருந்த சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். டாங்கியைத் திறந்து, மூடியை மட்கார்டு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டாங்கியின் வாயில் தன் துண்டைப் போட்டு, வண்டியைக் கிளப்பி விட்டார். அது பாட்டுக்கு ஓடியது. அவர் இரண்டாவது காபியும் குடித்தார், வெற்றிலையும் போட்டு முடித்தார், அது ஓடிக்கொண்டே இருந்தது.

“நல்லாத்தான் ஓடுது கதா! உங்களுக்கு வேல இல்லன்னா என்ன இட்டாந்தீங்களா?”

“நீங்க வந்தா ஓடுது” என்றான் கோவர்த்தனன், முகம் சுண்டிப்போய்.

“அப்டின்னா நான் இங்கேயே இருந்துடறேன். அம்மா காபி பாகா போடறாங்க.” பிறகு கொஞ்சம் யோசித்து, “கிருஷ்ணாயில்ல நீளு, தண்ணி கலந்துட்டான் போல. இல்லாங்காட்டி சூடேறினா மேக்னட்டோ மக்கர் பண்ணுது. மறுபடி நின்னா பெரியவரத் திருப்பதிக்கு அனுப்புங்க. வேற மேக்னட்டோ பாத்து வெக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மூடியைத் தானே இறுக்கித் திருகிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வண்டி கிணற்றடியில் நின்றது.

அன்று சாயங்காலம் யசோதா தொட்டித் தண்ணீரில் கணவனின் எண்ணெய்க் கைக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாய்வீடு திருத்தணி. அப்பாவுக்கு எண்ணெய்க்கடை. வளைகாப்பு முடிந்திருந்தது, தீபாவளி கழிந்ததும் அவர்கள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸோடு போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

“உங்க அப்பன் ஊட்டுக்குப் போவணும்னா இனிமே ஸ்டேட் தாண்டணும்” என்றான் கோவர்த்தனன். “புள்ள அங்க பொறந்தா மெட்ராஸ்காரன். என்னிய ‘யோவ் ஆந்திரா’ம்பான்.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். “அது ஊட்டப் பாத்து வந்துக்கினு கீதுங்க” என்றாள்.

“எது?”

“கல்லு. அப்பறம் புளியமரம். இன்னிக்குக் கெணறு. நீங்களும் பாத்துக்கினுதான இருக்கீங்க? என்னியத் தேடி வருது.”

“சே, இன்னாமே பேசற! வண்டிமே அது. இரும்பு.” அவன் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது. சாம்பலைக் கூடக் கழுவாமல் அவன் சட்டென்று அதை உருவிக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் கூட அவளுக்குத் தைரியம் வந்திருக்கும்.

சனிக்கிழமை டிராக்டர் களத்துமேட்டில் நின்றது. வாசலில் நின்று பார்த்தால் களத்துமேட்டில் இருக்கிற ஆளின் முகம் தெரியும். மூடி வரமாட்டேன் என்கிறதென்று கோவர்த்தனன் உள்ளங்கையால் தட்டித் தட்டித் திறப்பதை யசோதா பார்த்தாள். வேதாச்சலம் அன்றே மேக்னட்டோ வாங்கத் திருப்பதிக்குப் புறப்பட்டார். அவர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை, நாள் இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே, யசோதாவுக்கு இடுப்பில் வலி எடுத்தது. பக்கத்துத் தெரு மருத்துவச்சி செங்கம்மா வந்து, கையைச் சுடவைத்து, வயிற்றைத் தடவினாள். ஓயாமல் பேசுகிறவள், தடவ ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மேலே தடவினாள், கீழே தடவினாள், இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள்.

“இன்னாடி செங்கம்மா? வாயத் தொற” என்றாள் கன்னியம்மாள்.

“தல இந்தப் பக்கம் கீது. காலு அந்தப் பக்கம். குறுக்கால படுத்துக்கினு கீது கொழந்த. இது எங்கையில முடியாது கன்னிம்மா. நான் தொட்டா ரெண்டு உசுரும் போயிடும். புத்தூர் ஆஸ்பத்திரியில லேடி டாக்டரு கீது. மதியத்துக்குள்ள இட்னு போயிடுங்க.”

அவள் மெல்லத்தான் சொன்னாள். யசோதாவுக்கு எல்லாம் கேட்டது.

புத்தூருக்குத் தார்ரோடு இருந்தது, ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். குசஸ்தலையில் முந்தின நாள் வரை மணல்தான். இப்போது கலங்கலாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மாடுகள் தண்ணீரில் நாலு அடி வைத்துவிட்டு, மூக்கை ஊதிக்கொண்டு திரும்பிவிட்டன. மலைப்பக்கம் இன்னும் கறுத்துக் கிடந்தது.

“டிராக்டர்தான்” என்றான் கோவர்த்தனன். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் போட்டான். தலை டிராக்டர் பக்கம் இருக்கும்படி யசோதாவைப் படுக்கவைத்தார்கள். செங்கம்மா அவளுடைய தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். கன்னியம்மாள் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். மழை கரைத்துவிடக் கூடாதென்று இந்த முறை மெழுகை உருக்கியே கொண்டுவந்திருந்தாள். மூடி முழுக்க ஊற்றி, அதன் மேல் மஞ்சளையும் குங்குமத்தையும் அப்பி, “தாயே, இன்னிக்கு ஒரு நாளு உட்டுடு. அந்தப் பொண்ண உட்டுட்டு என்னிய எடுத்துக்கோ” என்று கும்பிட்டாள். யாரிடம் சொல்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் டிரெய்லரில் ஏறிக்கொண்டாள்.

வண்டி களத்துமேட்டில் நின்றது. கோவர்த்தனன் தட்டித் திறந்தான், மூடினான், சுற்றினான். கிளம்பியது. இருந்த பெட்ரோல் அத்தோடு தீர்ந்தது. இனி வண்டி ஆறிப்போகாமல், சூட்டோடு சூடாக மண்ணெண்ணெயிலேயே கிளப்பினால்தான் உண்டு.

ஆற்றில் இறங்கும்போது யசோதா கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரங்களுக்குக் கீழே மணல் நெரிவது கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். அவள் என்ஜினின் ஒவ்வொரு அடியையும் கேட்டாள். டக், டக், டக். வலி வந்தபோதும் கேட்டாள். வலி போனபோதும் கேட்டாள். அதன் கூடவே அவளும் மூச்சு விட்டாள்.

நட்டாற்றில் அது இருமியது.

“ஐயோ” என்றாள் செங்கம்மா.

இரண்டு விக்கல். நின்றது.

என்ஜின் நின்றதும் ஆற்றின் சத்தம் நாலு பக்கமிருந்தும் ஒரேயடியாக மேலே விழுந்தது. கோவர்த்தனன் குனிந்து பார்த்தான். தண்ணீர் பெரிய சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்ஜின் பக்கவாட்டில் கறுப்புப் பெட்டியாக இருந்த மேக்னட்டோவுக்கு இன்னும் ஒரு சாண்தான். அதில் தண்ணீர் ஏறினால் எவன் வந்து சுற்றினாலும் வண்டி கிளம்பாது.

மூடியைத் திருகினான். வரவில்லை. முழங்கையால் குத்தினான். ‘உஸ்ஸ்’ஸென்று நீளமாக ஒரு சத்தத்தோடு அது வந்தது. எண்ணெய் இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே விழாமல் அவசரமாக மூடி இறுக்கினான். குதித்து, தொடையளவு தண்ணீரில் முன்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். கிளப்புமுன் தீப்பொறி லீவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட மறக்காதவன் அன்று மறந்தான். கைப்பிடி பாதி சுற்று போய், எதிர்ப்பக்கம் உதைத்தது. மணிக்கட்டில் அது அடித்த சத்தம் டிரெய்லர் வரை கேட்டது.

“நைனா!” என்று கத்தினாள் கன்னியம்மாள். மகனை அவள் அப்படிக் கூப்பிடுவது பயந்தால் மட்டும்தான்.

அவன் வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. “ஒண்ணுமில்ல” என்றான். விரல்களை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை.

யசோதா தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் காதில் அந்த ‘உஸ்’ இன்னும் நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட சத்தம். அப்பாவின் கடையில் புது எண்ணெய் டின்னில் அப்பா ஆணியை வைத்து ஒரு ஓட்டை போடுவார். எண்ணெய் கொஞ்சம் ஊற்றும், விக்கும், நின்றுவிடும், டின்னின் வயிறு உள்ளே ஒடுங்கும். எதிர் மூலையில் இன்னொரு ஆணி அடிப்பார். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போகும். அதற்குப் பிறகு நிற்காமல் ஊற்றும்.

“ஏங்க” என்றாள். வலி பேச்சை அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து மறுபடி சொன்னாள். “ஏங்க, அந்த மூடியில ஓட்ட கீதா?”

“இன்னா ஓட்ட?”

“காத்து போற ஓட்ட. டின்னுக்குப் போடற மாதிரி. டாங்கி காத்து இல்லாம இழுத்துக்கினு கீது. அதான் மூடி வரல. நீங்க தொறந்தா காத்து போவுது, ஓடுது. மூடினா நிக்குது.”

“கீதே. நடுவுல, குண்டூசி கணக்கா ஒரு…” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவன் நின்றுவிட்டான்.

மூடியின் நடுவில், மழையில் பளபளவென்று, அவன் அம்மா வைத்த பொட்டு இருந்தது.

அவன் அதையே பார்த்தான். அதற்கு அடியில் தானே வெட்டிப் போட்ட டியூப் வாஷர் காற்றுப் புகாமல் பிதுங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தான். சிட்டிபாபு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாவது காபி குடித்தது நினைவுக்கு வந்தது.

கன்னியம்மாளும் பார்த்தாள். நிற்க நிற்க அவள்தான் மேலே மேலே அப்பினாள். அப்ப அப்ப அது சீக்கிரமாக நின்றது. அவளுக்கு அது புரிய வந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

“நானா?” என்றாள். “நானாடா அத ஊட்டாண்ட இட்டாந்தேன்?”

ஒரு முழு வாழைமரம் சுழன்றுகொண்டு வந்து டிரெய்லரில் இடித்துவிட்டுப் போனது. யசோதா வீறிட்டாள்.

கன்னியம்மாள் அதற்கு மேல் நிற்கவில்லை. டிரெய்லரிலிருந்து இணைப்புக் கம்பியில் கால் வைத்து, மட்கார்டைப் பிடித்து, டிராக்டர் மேல் ஏறினாள். மூடியின் மேல் நகத்தை ஊன்றிச் சுரண்டினாள். ஆறிப்போன மெழுகு அடை அடையாக வந்தது. மஞ்சளும் குங்குமமும் மழையோடு அவள் முழங்கை வழியே வழிந்தன. சுரண்டும்போது உதடு என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தகடு தெரிந்தது. ஓட்டை தெரியவில்லை, அது உள்ளே வரை அடைத்திருந்தது. தாலிச்சரட்டை வெளியே இழுத்தாள். எல்லாப் பெண்களையும் போல அவளும் அதில் ஊக்கு மாட்டி வைத்திருந்தாள். ஒன்றைக் கழற்றி, விரித்து, கோவர்த்தனன் காட்டிய இடத்தில் குத்தினாள். ஊக்கு வளைந்தது. நிமிர்த்தி மறுபடி குத்தினாள். உள்ளே இறங்கியது.

“கையால அது மேல மழ உழாம மறைச்சுக்கோ, அடைக்காத” என்றான் கோவர்த்தனன். “செங்கம்மா, நீ வந்து கைய வெய். எம்மா, நீ…” அவன் கைப்பிடியைப் பார்த்தான்.

“எறங்கிச் சுத்தணுமா? சொல்லுடா. அதுக்கு இன்னாத்துக்கு மென்னு முழுங்கற?”

“ஒதைக்கும்மா அது.”

“உன்னிய வவுத்துல வெச்சிருந்தப்ப நீ ஒதைக்காததா?”

லீவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. அது திருப்பி உதைத்தால் விட்டுவிட வேண்டும். கன்னியம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு தும்மல். மேக்னட்டோவின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. யசோதா டிரெய்லரின் பலகையைப் பற்றியபடி, வண்டியிடமா பிள்ளையிடமா என்று தெரியாமல், “வா, வா, வா” என்றாள்.

மூன்றாவது இழுப்புக்கு என்ஜின் பிடித்துக்கொண்டது.

இடது கையால் கியரைப் போட்டான். கன்னியம்மாள் மட்கார்டில் தொங்கிக்கொண்டாள். சக்கரம் ஒரு தரம் வழுக்கியது, மணலைக் கவ்வியது, நகர்ந்தது. கரை வந்தது. மேடு வந்தது. தார்ரோடு வந்தது. ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது, இங்கேதான் நிற்கப்போகிறது என்று நாலு பேருமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தூர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தபோது கோவர்த்தனன் என்ஜினை அணைக்கவில்லை. கேட்காரன் ஏதோ கத்தினான். அவன் காதில் வாங்கவில்லை.

லேடி டாக்டர் தெலுங்கில் அதட்டிக்கொண்டே யசோதாவை உள்ளே கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது. கன்னியம்மாள் ஈரப்புடவையோடு சுவரோரம் குந்திக்கொண்டாள். வளைந்த ஊக்கு இன்னும் அவள் கையில் இருந்தது. கோவர்த்தனன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய மணிக்கட்டு வீங்கி இன்னொரு முட்டி போல ஆகியிருந்தது.

“கோவமாடா?” என்றாள்.

“வாஷர் நான்தான போட்டேன்” என்றான் அவன்.

டாக்டர் வயிற்றின் மேலாகவே குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதாகப் பின்னால் நர்ஸ் சொன்னாள். வெளியே இருந்தவர்களுக்கு யசோதாவின் குரல்தான் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த மௌனத்தில் கன்னியம்மாள் மகனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே இருமலைப்போல ஒன்று கேட்டது. ஒரு விக்கல். அதன் பிறகு அழுகை பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை.

“பொண்ணு” என்றாள் நர்ஸ். “குட்டியூண்டு. ஆனா தொண்டைய பாரு.”

திருப்பதியிலிருந்து வேதாச்சலம் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அக்குளில் காகிதம் சுற்றிய மேக்னட்டோ இருந்தது. பேத்தியைப் பார்த்தார், மகனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். “அப்ப இத இன்னா பண்றது?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு யசோதா சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்கவும் நிறுத்திக்கொண்டாள்.

திருத்தணியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு அவள் மாசி மாதம் குழந்தையோடு கரடிகுப்பத்துக்குத் திரும்பினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கன்னியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு டிராக்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“இதுக்கு நெத்தி எங்கடா? சரியா சொல்லு.”

“இந்தோ, ரெண்டு லைட்டுக்கும் நடுவுல வெய்.”

“அங்க சூடு. உதிர்ந்துடும்.”

“உதிர்ந்தா உதிரட்டும்மா.”

அவள் நம்பவில்லை. தகட்டின் மேல் விரலை வைத்து, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று மெல்லத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மிகச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். மெழுகு இல்லாமல்.

வண்டி கிளம்பிப் போனது. யசோதா அடுப்படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களத்துமேடு போனது. கிணற்றடி போனது. புளியமரம். அவள் கை உலைமூடியின் மேல் நின்றிருந்தது. காரணம் தெரிந்த பிறகும், அந்தக் கல்லைத் தாண்டும் வரை அவளால் மூடியைத் தூக்க முடியவில்லை.

சத்தம் திரும்பியது. வயலுக்குள் இறங்கியது. அவள் மூடியைத் தூக்கினாள். சாதம் அடிப்பிடித்திருந்தது.